எட்டுக் கிலோவுக்குள் ஒரு நாய்

கட்டுநாயக்க விமான நிலையத்தில், கவுண்டர்த் தராசில் ஏறிய ஒரு சின்ன நாய் என் மானத்தை வாங்கிய கதை இது. மட்டக்களப்பு டவுனில் விமான டிக்கெட் போட்டுக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் வாசிக்கட்டும்.

நாயின் பெயர் ரோசி. வளர்த்தவர் எனக்கு ஆங்கிலம் படிப்பித்த டீச்சர், டவுனில் போர்த்துக்கீச வழிவந்த பறங்கிக் குடும்பத்தவர். கணவர் காலமான பிறகு வீட்டில் அவரும் ரோசியும்தான். கனடாவிலிருந்து மகள், ஒரேயடியாக வந்துவிடச் சொல்லிவிட்டாள்.

"ரோசி வராட்டி நானும் போகமாட்டன்" என்றார் மிஸ். வயதான நாய். சாமான்களோடு கீழே போட்டால் உயிரோடு இறங்காது என்று அவருக்குப் பயம்.

கேபினுக்குள் கொண்டுபோக வழி இருக்கிறது. நாயும் பையும் சேர்ந்து எட்டுக் கிலோவுக்குள் இருக்க வேண்டும், பை முன் சீட்டின் அடியில் அடங்க வேண்டும். ஊசி, ஹெல்த் சேர்டிபிகேட், எயார்லைன் அனுமதி எல்லாம் நானே ஓடி முடித்தேன். ஒபிஸ் தராசில் நிறுத்தும் பார்த்தேன். பைக்குள் மெத்தையாகக் கிடந்தது மிஸ்ஸின் கணவருடைய பழைய கம்பளிக் கோட். அந்த மணம் இல்லாவிட்டால் ரோசி ஊளையிடும். ஊளையிடும் நாயை ஏற்ற மாட்டார்கள். கோட்டோடு சேர்த்து எட்டுக்கு மயிரிழை குறைவு.

"வெறும் வயித்தோட கொண்டுவாங்க மிஸ். வழியில ஒண்டும் குடுக்கப்படாது" என்று பெரிய மேதாவிபோலச் சொல்லி வைத்தேன்.

மிஸ், நான், டிரைவர் என்று மூன்று பேரும் ரோசியோடு வாடகை வேனில் வந்து இறங்கினோம். கவுண்டர்த் தராசு எட்டரைக் கிலோ காட்டியது.

"கேபினுக்கு ஏலாது சேர். கீழ போடுவமா?" என்றாள் அங்கிருந்த பிள்ளை.

மிஸ்ஸின் முகம் வெளிறியது. "நீதானே மனே நிறுத்துப் பாத்தாய்?"

உண்மையைச் சொல்லவேண்டியதாயிற்று. "நான்தான் மிஸ்... நீங்க வேனுக்குள்ள நித்திரை. வழியில வெலிக்கந்தைக் கடையில வாங்கிக் கொஞ்சம் எருமைத் தயிர் குடுத்தன்."

மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, நானும் லவ் கேக் குடுத்தனே!"

ட்ரொலி தள்ளிவந்த டிரைவர் தலையைச் சொறிந்தான். "அண்ணன், நானும் ஒரு மீன் ரோல்ஸ்..."

வெறும் வயிற்றோடு ஒரு உயிரைப் பயணம் அனுப்ப மூன்று பேருக்கும் மனம் வரவில்லை. ஒருவருக்கொருவர் ஒளித்து ஊட்டியிருக்கிறோம்.

ரோசியை வெளியே புல்லுக்குக் கொண்டுபோனேன். "இரு அம்மா, ஒருக்காப் போ" என்று கெஞ்சினேன். அது வாலை ஆட்டியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. திரும்பி வரும்போது கவுண்டரை மூடத் தயாராகிவிட்டார்கள்.

மிஸ் பையைத் திறந்து கோட்டை உருவி எடுத்தார்.

"அது இல்லாட்டிக் கத்துவாளே மிஸ்!"

"மணம்தானே வேணும் அவளுக்கு" என்றவர், கோட்டைத் தன் கவுணுக்கு மேலே போட்டுக்கொண்டார். அந்தப் புழுக்கத்தில், முழங்கால் வரை தொங்கும் ஆம்பிளைக் கம்பளிக் கோட். தராசு எட்டுக்குள் இறங்கியது. வரிசையில் சிரிப்பு எழுந்தது, ஒருவன் படம் எடுக்கப் போனைத் தூக்கினான். நான் மெல்ல நகர்ந்து தூணோரம் போய், யாரோ எவரோ என்பதுபோல நின்றேன்.

மிஸ் திரும்பிப் பார்த்தார். "மனே, எங்க போனாய்? இந்தப் பொத்தானப் பூட்டிவிடு, கை வெளிய வருகுதில்ல."

போய்ப் பூட்டினேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் என் கன்னத்தைத் தட்டினார். "பசிச்ச வாய்க்குக் குடுத்ததுக்கு ஏன் வெக்கப்படுறாய்?"

தயிருக்காகத்தான் நான் கூசுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

பிள்ளைகளே, எட்டுக் கிலோ என்றால் ஏழில் நிறுத்துங்கள். நம் ஊர் ஆட்களின் கைக்கு ஒரு கிலோ விட்டுவையுங்கள். கஸ்டமர் எந்தக் கோலத்தில் நின்றாலும் பக்கத்திலேயே நில்லுங்கள். கோட்டு நுனியில் மூக்கை வைத்தபடி ரோசி சத்தமில்லாமல் கனடா வந்துசேர்ந்ததாக மிஸ் போனில் சொன்னார். தூணோரம் போனதை அவரிடம் சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை.