ஜப்பான்காரனா வர்றான்?

எங்கள் வீட்டில் யாராவது அவசரப்பட்டால் அப்பா இப்படித்தான் கேட்பார்: "ஏன், ஜப்பான்காரனா வர்றான்?" ஷூ லேஸைக் கட்டாமல் பள்ளிக்கு ஓடும்போது கேட்பார். தோசை வேகும் முன் தட்டை நீட்டினால் கேட்பார். என் திருமணத்தன்று முகூர்த்த நேரம் நெருங்குகிறது என்று பதறிய மாப்பிள்ளை வீட்டாரிடமும் கேட்டார். அவர்களுக்குப் புரியவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தக் கேள்வி அப்பாவுக்கு அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. யுத்த காலத்தில், ஜப்பான்காரன் வந்து குண்டு போடப்போகிறான் என்று சென்னையை விட்டு ஜனங்கள் கிளம்பினார்கள். தாத்தா அப்போது சின்னப் பையன். அடுப்பில் பாதி வெந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, சென்ட்ரலில் கூட்டத்தோடு ரயிலேறி, வாலாஜா பக்கம் ஓர் உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். சில மாதங்கள் இருந்தார்கள். ஜப்பான்காரன் வரவில்லை. திரும்பி வந்தபோது சோறு பானையோடு பானையாக ஒட்டிக் கருத்திருந்ததாம். "அந்தப் பானையைத் தேய்ச்சதுதான் நம்ம குடும்பம் அந்த யுத்தத்துல செஞ்ச ஒரே வேலை" என்பார் அப்பா.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் அவர் இறந்தார். மாரடைப்பு. அதற்கு இரண்டு நாள் முன்பு போனில் பேசியபோது, "அப்பா, மீட்டிங், வைக்கிறேன்" என்றேன். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். வழக்கமாகவே நான் அதற்குப் பதில் சொல்வதில்லை.

செய்தி வந்த அன்று நான் செய்தவை நினைவிருக்கின்றன. குளித்தேன். தயிரை ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். டிக்கெட் பார்த்தேன். என் கணவன் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தான்.

"விசா ஸ்டாம்ப் எக்ஸ்பயர் ஆயிடுச்சு. டிரான்ஸ்ஃபர் வேற பெண்டிங்ல இருக்கு. போனா கான்சுலேட்ல அப்பாயின்ட்மென்ட் கிடைக்காம இந்தியாவுலயே மாட்டிப்பே" என்றான். பிறகு, "போகணும்னா போ. நான் வேண்டாம்னு சொல்லல" என்றான். அவன் சொன்னதில் தவறான தகவல் ஒன்றும் இல்லை.

அம்மாவும் வரவேண்டாம் என்றார். "நீ கட்டிக்கொடுத்த பொண்ணு. உனக்கு மூணு நாள்தான் தீட்டு. தலைக்கு ஊத்திக்கோ. மூணு நாள் முடிஞ்சதும் விளக்கேத்து. பண்டிகையெல்லாம் விடக்கூடாது, அது அவங்க வீட்டு விளக்கு." அலுவலகத்தில் கேட்டேன். பெற்றோர் இறந்தால் அங்கேயும் மூன்று நாள்தான் விடுப்பு. சாஸ்திரமும் மனிதவளத் துறையும் ஒரே எண்ணில் வந்து நின்றன. மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. இரண்டு இடத்தில் ஒரே விடை வந்தால் சரியென்று எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். நான் நான்காம் நாள் வேலைக்குப் போனேன்.

இறுதிச் சடங்கை வீடியோவில் காட்டினார்கள். சித்தப்பா பையன் போனைப் பிடித்திருந்தான். யாரோ அவனைக் கூப்பிட, போனை மல்லாத்தி எங்கோ வைத்துவிட்டுப் போனான். அப்பாவைத் தூக்கும்போது நான் பார்த்தது எங்கள் வீட்டுக் கூடத்தின் சீலிங் ஃபேன். அது சுற்றிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் அழவில்லை. நன்றாகத் தூங்கினேன். வேலையில் பாராட்டுக்கூடக் கிடைத்தது.

எங்கள் குடியிருப்பு அமெரிக்காவில், டெக்சாஸின் இர்விங் நகரில் இருக்கிறது. மாடியில் நாங்கள். கீழ்வீட்டில் தொண்ணூறு வயதைத் தாண்டிய ஓர் அமெரிக்கப் பெண்மணி தனியாக வாழ்கிறார். எங்கள் பார்சல்களை அவர் வாங்கி வைப்பார், அவருடைய கனமான பார்சல்களை நான் உள்ளே தூக்கி வைப்பேன். நம் வழக்கப்படி அவரை ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். "நான் யாருக்கும் அத்தை இல்லை, ஆனா அது நல்லாத்தான் இருக்கு, ஹனி" என்றார். அவர் பேசுவது நீட்டி முழக்கும் டெக்சாஸ் ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதுகிறேன், அந்த ஹனியை மட்டும் விட்டுவைக்கிறேன்.

செப்டம்பரில் ஒருநாள் அவர் மாடிப்படிக்குக் கீழே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணனைக் கண்டுபிடிச்சுட்டாங்க, ஹனி. வீட்டுக்கு வர்றான்."

அவருடைய அண்ணன் கடற்படையில் இருந்தவர். ஹவாயில் நின்றிருந்த அமெரிக்கக் கப்பல்களை ஜப்பான் விமானங்கள் தாக்கிய அந்த டிசம்பர் ஞாயிறு காலையில் கப்பலோடு போனவர். ஆன்ட்டிக்கு அப்போது ஆறு வயது. கப்பலிலிருந்து எடுத்த எலும்புகள் யாருடையவை என்று தெரியாமல், ஒன்றாகக் கலந்து, பெயர் இல்லாத கற்களுக்குக் கீழே புதைத்திருந்தார்கள். பல காலம் கழித்து அவற்றைத் தோண்டியெடுத்து, உயிரோடிருக்கும் உறவினர்களோடு ஒப்பிடத் தொடங்கினார்கள். ஆன்ட்டியின் கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்துப்போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இப்போது பொருந்தியிருக்கிறது.

"எங்கம்மா சாகற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஆளே இல்லாம துக்கத்தை எப்படி முடிச்சுக்கறதுன்னு" என்றார். "விமானத்துலேருந்து அவனை இறக்கும்போது நான் அங்க நிக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும். கார் ஓட்டுவியா?"

கடற்படையே வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருந்தது. அவர் மறுத்துவிட்டார். "அவனை அவங்க வண்டியிலதான் கூட்டிட்டுப் போனாங்க. நான் என் வண்டியில போறேன்." அவருடைய கண்பார்வை மங்கி, வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டிருந்தார். உறவென்று இருந்த ஒரே ஒருத்தி, இறந்துபோன மகனின் மனைவி, அடக்கத்துக்குத்தான் வர முடியும். நான் சரி என்றேன். விமான நிலையம் பக்கத்தில்தான். காலையில் போனால் பத்தரை மணி மீட்டிங்குக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அன்று காலை நான் கீழே போனபோது அவர் நீல உடையில் தயாராக இருந்தார், காதணி மட்டும் போடவில்லை. கடற்படை அதிகாரி போன் செய்தார். காற்று சாதகமாக இருப்பதால் விமானம் முன்னதாகவே இறங்குகிறதாம். அவரோ இரண்டு ஜோடிக் காதணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, போகலாம்."

"முத்தா, வெள்ளியா?"

"முத்து."

"அவனுக்கு முத்துன்னா என்னன்னே தெரியாது" என்று வெள்ளியைப் போட்டுக்கொண்டார். பிறகு வாக்கரைத் தள்ளிக்கொண்டு, ஒவ்வோர் அடியாக வாசலுக்கு வந்தார்.

அவருடைய கார் ஜப்பான் கார். பழையது, நன்றாக ஓடும். "எங்கப்பா ஜப்பான் ரேடியோவைக்கூட வீட்டுக்குள்ள விடல. இதுல போய் இறங்கினா அண்ணன் என் தோலை உரிச்சிடுவான்" என்றார் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே. நான் ஃப்ரீவேயில் ஏறி வேகமெடுத்தேன். லேன் மாற்றினேன், மறுபடி மாற்றினேன். அவர் டாஷ்போர்டில் கையை ஊன்றிக்கொண்டார்.

"மெதுவா, ஹனி. எண்பது வருஷத்துக்கு மேல காத்திருந்தவன், அஞ்சு நிமிஷத்துல எழுந்து போயிடமாட்டான்."

என் வாயிலிருந்து அப்பாவின் கேள்வி வந்தது. தமிழில், அவர் கேட்கும் அதே ராகத்தில். அந்த ஏழு மாதத்தில் அதை நான் நினைத்தது இல்லை.

"என்ன சொன்னே?"

"எங்கப்பா சொல்றது. அவசரப்பட்டா." அப்போதுதான் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. ஆனால் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினால் இன்னும் மோசமாக இருக்கும். மொழிபெயர்த்தேன். சென்னை, ரயில், சோற்றுப்பானை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் டாஷ்போர்டிலிருந்து கையை எடுத்தார்.

"உங்க ஊருக்கு வரல" என்றார். "எங்களுக்கு வந்துட்டாங்களே, ஹனி."

"சாரி, ஆன்ட்டி."

"எதுக்கு? பானை கதை நல்லாருக்கு." இன்னும் கொஞ்சம் போனதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "பானை போச்சா, தேறுச்சா?"

"தேறிடுச்சு. ரொம்ப நாள் அதுலதான் வெந்நீர் வெச்சாங்களாம்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விமானம் வாயிலுக்கு வந்து நின்றிருந்தது. சரக்குக் கதவு இன்னும் திறக்கவில்லை. எங்களை விமானத்துக்கு அருகிலேயே அழைத்துப் போனார்கள். வெள்ளைச் சீருடையில் கடற்படையினர் வரிசையாக நின்றார்கள். பெட்டி தூக்கும் ஊழியர்கள் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். மேலே ஜன்னல்களில் பயணிகளின் முகங்கள். ஒருவரும் எழுந்து போகாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள்.

கதவு திறந்தது. கொடி போர்த்திய சவப்பெட்டி மெதுவாகக் கீழே வந்தது. ஆன்ட்டி வாக்கரைத் தள்ளிக்கொண்டு முன்னே நகர்ந்தார். நான் பின்னால் போனேன். போகும்போதே, யோசிக்காமல், ஷூவைக் கழற்றிவிட்டேன்.

ஓர் அதிகாரி குனிந்து மெல்லச் சொன்னார், "மேடம், இங்கே செருப்பில்லாமல் நிற்கக் கூடாது. பாதுகாப்பு விதி."

ஆன்ட்டி திரும்பாமலே சொன்னார், "அவளை விடுங்க. அது அவங்க வழக்கம்."

அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்திருப்பார். அதிகாரி ஒதுங்கிக்கொண்டார். செப்டம்பர் வெயிலில் கான்கிரீட் சுட்டது. சுடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. காலை மாற்றி மாற்றி வைக்காமல் அப்படியே நின்றேன்.

ஆன்ட்டி கொடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். "வர்றதுக்கு இவ்வளவு நேரமா உனக்கு?" என்றார். கையை எடுக்கவில்லை. அவர் எடுக்கும் வரை அந்த வரிசையில் ஒருவரும் அசையவில்லை.

திரும்பி வந்து அவரை வீட்டில் விட்டுவிட்டு மாடியேறினேன். எங்கள் வாசலில் நின்றுவிட்டேன். கணவன் கதவைத் திறந்தான்.

"ஏன் உள்ள வரல?"

"சாவுக்குப் போயிட்டு வந்திருக்கேன். குளிக்காம உள்ள வரலாமான்னு தெரியல."

"எண்பது வருஷம் ஆச்சு. நமக்கு என்ன உறவு?"

"அதான் தெரியல."

"இதுக்கெல்லாம் டாக்குமென்டேஷன் கிடையாது. அத்தையைக் கேளு."

வாசலில் நின்றபடியே அம்மாவுக்குப் போன் செய்தேன். அங்கே இரவுச் சாப்பாடு முடிந்து, சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டு ஆன்ட்டியின் அண்ணன் என்று தொடங்கிச் சொன்னேன்.

"எந்தச் சண்டைலடி செத்தாரு?"

"ஜப்பான்காரனோட சண்டைம்மா."

"அப்பா சொல்ற ஜப்பான்காரனா?"

"அவனேதான்."

சீரியலின் சத்தம் குறைந்தது. "பொட்டியைப் பார்த்தியா?"

"பார்த்தேன். பக்கத்துல நின்னேன்."

"அப்ப தலைக்கு ஊத்திக்கோ. எப்ப செத்தாங்கங்கறது கணக்கு இல்ல. நீ எப்பப் பார்த்தியோ, அதான் கணக்கு."

"அப்பாவை நான் பார்க்கலைம்மா" என்றேன். "ஃபேனைத்தான் பார்த்தேன்."

கணவன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அவனுக்கு அது தெரியாது. நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"தெரியும்" என்றார் அம்மா. "அந்தப் பையன் போனைப் புடிச்ச லட்சணத்தை நானும்தானே பார்த்தேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "போ. சுடுதண்ணி வெச்சு நிறைய ஊத்திக்கோ. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஊத்திக்கோ."

"பத்தரைக்கு மீட்டிங் இருக்கும்மா. சீக்கிரம் முடிக்கணும்."

"ஏன்," என்றார் அம்மா, "ஜப்பான்காரனா வர்றான்?"

அதை அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை. கணவன் கதவை விட்டு நகர்ந்து வழிவிட்டான். நேராகக் குளியலறைக்குப் போனேன். போனைக் கட் பண்ணாமல் வாஷ்பேசின் ஓரத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டுத் தண்ணீரைத் திறந்தேன்.