பைக்கை விட்டுக்கொடுத்த சிரிப்பு

பூம்பாறை பஸ்ஸில் என் பக்கத்தில் பூண்டு மூட்டையோடு உட்கார்ந்தவரை உடனே அடையாளம் தெரிந்தது. டிவியில் பல வருடமாக ஓடும் சிரிப்புப் போட்டியின் மறக்க முடியாத காட்சிகளில் இவரைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். காமெடியன்கள் என்ன செய்தாலும் சிரிக்காமல் இருந்தால் பைக் பரிசு. கல் மாதிரி இருந்த இவர், கடைசியாக வந்த காமெடியனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துத் தோற்றுப்போனார்.

கூச்சத்தை விட்டு, "அவ்வளவு சிரிப்பாவா இருந்துச்சுண்ணே?" என்றேன்.

மப்ளர் நுனியைத் திருகினார். "சிரிப்பா? அந்தத் தம்பிக்கு மேடையில அதுதான் மொதநாளு. ஒருத்தரும் சிரிக்கல. வேர்த்து ஊத்தி, அழுவுற மாதிரி நின்னுச்சு. பாத்துக்கிட்டு இருக்க முடியுங்களா? பைக்கு கெடக்கு, விடுங்க."

அந்தச் சிரிப்பைப் பார்த்து எங்கள் வீடே எத்தனையோ தடவை விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. அது பொய்ச் சிரிப்பென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை.