இரண்டு முறை நடந்த தாய்மாமன் சீர்

அன்று பந்தலுக்குள் இருந்தவர்கள்: மணையில் உட்கார்ந்திருந்த என் தங்கை மகள், தங்கை, தங்கையின் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, வீடியோ எடுக்க அரூரிலிருந்து வந்தவர், என் மனைவி, நான். மீதி இருந்தது முழுக்க அவர்களுடைய பங்காளிகள். எங்கள் பக்கம் வேறு யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். ஒற்றைத் தாய்மாமன், எனவே சீர் மொத்தமும் என் தலையில்.

மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் எடுத்துப்போகும் தட்டுகளை எண்ணிப் பார்த்துதான் எங்கள் ஊர்ப்பக்கம் மரியாதையே. புடவை, மோதிரம் போக மற்ற தட்டுகளில் சிப்ஸ் பாக்கெட்டைக் கோபுரமாக அடுக்கி, சாக்லேட்டை மாலையாகக் கட்டி, கலர் பாட்டிலுக்கு ரிப்பன் சுற்றி எடுத்துப்போவது இப்போது வழக்கமாகிவிட்டது. நான் ஏழாவதோடு படிப்பை விட்டவன். பாப்பாரப்பட்டியில் ஒரு முதலாளியிடம் லைன் வண்டி ஓட்டுகிறேன். கடை கடையாகப் பாக்கெட் சரங்களைத் தொங்கவிட்டுக் காசு வாங்கி வருவது வேலை. ஆகவே என் சீரில் பாக்கெட்டுக்குப் பஞ்சமே இருக்காது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

ஆனால் விழாவுக்கு முந்தின வாரம் தங்கை போன் செய்து அழுதாள்.

“அண்ணா, பாப்பா மறுபடியும் பள்ளிக்கூடத்துல மயங்கி வுழுந்துட்டா. ரத்தமே இல்லன்னு டாக்டரம்மா திட்டறாங்க. சோறே திங்கறதில்ல, எந்நேரமும் பாக்கெட்டுதான். நீ தட்டுல அதக் கொண்டாந்தீன்னா ஒரு மாசத்துக்கு அதயேதான் திம்பா. சீருன்னு வந்துட்டா நானு வேணாம்னு சொல்ல முடியாது. உன் கைல இருக்குது.”

எனக்குப் பயம். நாளைக்குப் பேச்சு வராதா, உன் நாத்தனார் சும்மா இருப்பார்களா என்று கேட்டேன். “நான் பாத்துக்கறேன்” என்றாள். மறுநாள் போன் போட்டுத் திரும்பவும் கேட்டேன். “நான் பாத்துக்கறேன்னு சொன்னனே” என்றாள். அதற்கும் அடுத்த நாள் கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள்.

சித்தேரி மலைச் சாமை, கேழ்வரகு, எள்ளுருண்டை, அவித்த நிலக்கடலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கொய்யா, வெல்லம், உளுந்து, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை. தேடித்தேடி வாங்கினேன். கடலை ஊசிப்போகுமோ என்று விடியும் முன்பே எழுந்து அவிக்கச் சொன்னேன். “மொறத்துல வெச்சி ஊதிக்கிட்டே வரட்டுமா?” என்று மனைவி கேட்டாள். வண்டி முதலாளியுடையது. திங்கட்கிழமை லைனுக்கான லோடு பின்னால் ஏற்றியபடியே இருந்தது. பின்கதவுப் பூட்டைத் தொடக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார். தட்டுகளை முன்சீட்டிலும் மனைவியின் மடியிலும் அடுக்கிக்கொண்டு போனோம். வழியில் இறங்கி இறங்கிப் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

மேளத்தோடு தட்டுகளைப் பந்தலில் இறக்கினோம். மேல் துணியை எடுத்ததும் மேளம் தானாக நின்றுவிட்டது.

நாத்தனார்தான் தொடங்கினார். “இது தாய்மாமன் சீரா, ரேசன் கட சாமானா?”

பந்தலே சிரித்தது. தங்கை வீட்டுக்காரர் முட்டைத் தட்டைத் தூக்கிக் காட்டினார். “அட, அப்படிச் சொல்லாதீங்கக்கா. அடகாக்க ஆளு வேணுமில்ல, அதுக்குத்தான் மச்சானே நேர்ல வந்திருக்காரு.”

வீடியோக்காரர், “அண்ணே, அந்தக் கெழங்கக் கொஞ்சம் தள்ளி வைங்க, பிரேம்ல அசிங்கமாத் தெரியுது” என்றார். நான் தள்ளி வைத்தேன். “இன்னுங் கொஞ்சம்” என்றார். கிழங்கு பந்தலுக்கு வெளியே போய்விட்டது. மணையிலிருந்த பெண் தலை நிமிராமல் சொன்னாள்: “மாமா, என் பிரண்ட்ஸெல்லாம் வராங்க. இத மூடிடுங்க மாமா.” அவள் உதடு வெளுத்துக் கிடந்தது. முகத்தில் பூசியிருந்த மேக்கப் உதட்டுக்குப் போதவில்லை.

நான் தங்கையைப் பார்த்தேன். பார்த்துக்கொள்கிறேன் என்றவள் அவள்தான். டாக்டரம்மா திட்டியதைச் சொன்னால் போதும்.

நாத்தனார் அவளிடமே திரும்பினார். “ஏம்மே, உங்கண்ணன் இதத்தான் கொண்டாராருன்னு உனுக்குத் தெரியுமா?”

தங்கை புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். “எனுக்கென்ன தெரியும்ங்க அண்ணி. அது எப்பவுமே அப்படித்தான். கைய வுட்டுக் காசு வெளிய வராது.”

என் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த வீட்டில் தினமும் சோறு தின்ன வேண்டியவள் தங்கை.

அதோடு முடிந்திருக்கும். பீடி பிடிக்க வண்டி நிழலுக்குப் போன வீட்டுக்காரர் கதவு இடுக்கில் கண்ணை வைத்துவிட்டார். “அக்கோவ்! வண்டி பூரா சரக்கு! வண்டி நெறய வெச்சிக்கிட்டு அவிச்ச கல்லக்காயத் தூக்கினு வந்திருக்காரு பாரு!”

அது என் சரக்கு இல்லை, திங்கட்கிழமை லோடு, முதலாளி கணக்கு என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். கடைசியில் தங்கையே வந்து கையை நீட்டினாள்.

“சாவியக் குடுண்ணா.”

“நீதானம்மா சொன்ன...”

“மானத்த வாங்காத. குடு. காசு நான் குடுத்துடறேன்.”

கொடுத்தேன். பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். புடவை, மோதிரம் போக என் தட்டுகளில் இருந்ததையெல்லாம் ஒரே சாக்கில் கொட்டி வண்டியில் போட்டார்கள். சாமைமேல் கடலை, கடலைமேல் கொய்யா. முட்டைகளை மட்டும் என் மனைவி மடியில் வாங்கிக்கொண்டாள். அதே தட்டுகளில் பாக்கெட் கோபுரம் எழும்பியது. வீடியோக்காரர் முதலில் எடுத்ததை அழித்துவிடலாம் என்றார். எனவே நானும் மனைவியும் தெருமுனைக்குத் திரும்ப நடந்து, தலையில் தட்டோடு, மேளத்தோடு, இரண்டாம் முறை சீர் கொண்டுவந்தோம். “சிரிங்கண்ணே” என்றார். சிரித்தேன். வாசலில் தங்கை என் நெற்றியில் சந்தனம் வைத்தாள். அவளும் நன்றாகச் சிரித்தாள். அந்த வீடியோவில் எங்களைப் பார்த்தால் உயிருக்குயிரான அண்ணன் தங்கை என்பார்கள்.

பெண் மணையில் உட்கார்ந்தபடியே ஒரு பாக்கெட்டைப் பிரித்துவிட்டாள். பூச்சரம் கட்டிய கை நிறையச் சிவப்புப் பொடி.

கிளம்பும்போது தங்கை வண்டி ஜன்னலோரம் வந்தாள். பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

“அண்ணா, அந்த முட்டயும் எள்ளுருண்டயுமாச்சும் குடுத்துட்டுப் போ. யாருக்கும் தெரியாம அவளுக்குக் குடுக்கறேன்.”

“பாக்கெட்டுக் காசு?”

அவள் முகம் மாறியது. “சீர்ல வந்ததுக்கு யாராச்சும் காசு கேப்பாங்களா?”

நான் வண்டியை எடுத்தேன். முட்டையைக் கொடுக்கவில்லை. பாப்பிரெட்டிப்பட்டி தாண்டியதும் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: “அந்தப் புள்ள என்னா பண்ணுச்சு?” அந்த முட்டையை நாங்கள்தான் தின்றோம்.

பெண் அதற்குப் பிறகும் ஒரு தடவை மயங்கி விழுந்தாளாம். அந்த ஊர்க் கடைக்காரர் சொன்னார். தங்கை போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. அந்தக் கடைக்கு நான்தான் வாராவாரம் சரம் போடுகிறேன். அந்தப் பெண் பாக்கெட் வாங்குவது அங்கேதான் என்பதும் எனக்குத் தெரியும். அன்று இறக்கிய சரக்குக்கான காசை முதலாளி என் வாரக் கூலியில் பிடித்துக்கொண்டு வருகிறார். இன்னும் பாக்கி ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய்.