அறுபத்தொன்பதில் வந்த அக்கி

அறுபத்தொன்பது வயதில், ஒரு சாயங்காலம், வலது விலாவில் நெருப்பை வைத்தது போல வலி வந்தது. மாரடைப்பு என்று நானே முடிவு செய்துவிட்டேன். மாரடைப்பு இடது பக்கம்தானே வரும் என்று மனைவி கேட்டாள். நான் ஆட்டோவில் ஏறினேன். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அதற்குள் தவளக்குப்பத்தில் இருக்கும் மகளை போனில் அழவைத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் குளித்துவிட்டு வந்தபோது, மனைவி என் முதுகைப் பார்த்தாள். முதுகிலிருந்து விலா வரை பட்டையாகச் சிவந்து, கொப்புளம் கொப்புளமாக இருந்ததாம். அக்கி என்றாள். செங்காவி மண்ணைக் குழைத்து அதன்மேல் எழுதினால் போய்விடும் என்றார் எதிர்வீட்டுக்காரர். நான் எழுதிக்கொள்ளத் தயார். அவள் விடவில்லை, தெருமுனை கிளினிக்குக்கு இழுத்துப் போனாள்.

அங்கிருந்த டாக்டர் இளம்பெண். சின்ன வயதில் அம்மை வார்த்ததா என்று கேட்டார். மூன்றாம் வகுப்பில் வேப்பிலைப் படுக்கையில் கிடந்ததைச் சொன்னேன். அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போகவே இல்லையாம். நரம்புக்குள் பதுங்கியிருந்ததை இத்தனை வருடமும் தலைதூக்க விடாமல் வைத்திருந்தவை டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள். அவற்றைப் பழக்கி அனுப்பும் தைமஸ் சுரப்பி நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறது. இளவயதிலேயே அது சுருங்கத் தொடங்கிவிடுமாம். வயதாக ஆகப் புதியவை வருவது குறையும், இருப்பவையும் சோர்ந்துபோகும், பதுங்கியிருந்த கிருமி அக்கியாக வெளியே வரும். நான் தினமும் விடியற்காலையில் கடற்கரையில் நடக்கிறேனே என்றேன்.

"நல்லதுதான் சார், விட்டுடாதீங்க. ஆனா உங்க டி செல்லுக்கும் வயசாவுது இல்ல," என்றார்.

வீடு வரும்வரை மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எனக்கு வயசே ஆவலன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சீங்களே, உள்ள இருக்கறவங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

கொப்புளம் காய்ந்த பிறகும் வலி மாதக்கணக்கில் இருந்தது. சட்டை உரசினாலே எரிந்தது. வெறும் துண்டோடு வீட்டுக்குள் உலாவினேன். கூரியர்காரர் வந்தால்கூட அவள்தான் கதவைத் திறக்க வேண்டியிருந்தது.

இந்தப் பாடு தனக்கு வேண்டாமென்று அவள் அக்கித் தடுப்பூசி போட்டுக்கொண்டாள். மறுநாள் கை வீங்கி, நல்ல காய்ச்சல். உடம்பு ஊசிக்கு வேலை செய்கிறது, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். இப்போது கிண்டல் செய்வது என் முறை என்று நினைத்துக்கொண்டே மிளகு ரசம் வைத்து எடுத்துப்போனேன். அவள் போர்வைக்குள்ளிருந்தே, "உள்ள இருக்கற என் ஆளுங்க இன்னும் வேலைக்குப் போறாங்க, பாத்தீங்களா," என்றாள்.

ரசத்தில் உப்பு போதவில்லை என்றும் சொன்னாள்.