ஜனவரிக்குத் தள்ளிய கூரை

ஒழுகும் என்று தெரிந்தே ஒரு கூரையின் கீழ் ஒரு குடும்பத்தைக் குடிவைத்தேன். மறதியால் அல்ல. கையில் பணம் இல்லாமலும் அல்ல. வருமான வரிக்காக.

நான் தோட்டத்தில் கணக்கு எழுதும் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் கோலா சிலாங்கூரில் இரண்டு மூன்று சிறிய கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்ப்பதால் வரி கட்டுகிறேன். மனைவி போய் ஏழு வருடமாகிறது. மகன் மெல்பர்னில் இருக்கிறான். சேமநிதிப் பணத்தில் புஞ்சாக் ஆலாமில் ஒரு பழைய வரிசை வீட்டை வாங்கினேன். கூடத்துக்கு மேலே ஓடுகள் விலகியிருந்தன.

முதல் வாடகைக்காரர் வருவதற்கு முன் செய்கிற பழுதுச் செலவை வாடகை வருமானத்தில் கழிக்க முடியாது. ஆள் வந்தபின் அதே வேலையைச் செய்தால் கழிக்கலாம். ஆகவே கூரையைத் தொடாமலே செப்டம்பரில் வீட்டை வாடகைக்கு விட்டேன்.

வந்தவர்கள் கணவனும் மனைவியும். அவன் லோரி ஓட்டினான். அவள் விடியலில் இடியாப்பம் பிழிந்து, பல்கலைக்கழகத்துக்குப் போகும் சாலையோரம் விற்றாள். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வாடகை வாங்க நானே காரோட்டிப் போவேன். வங்கியில் போட்டுவிடுகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றேன். அன்றைக்கு மட்டும்தான் யாராவது எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்திருப்பார்கள். தேங்காய்ப்பூவும் சீனியும் வைத்து ஆறு இடியாப்பம் தருவாள். காசு கொடுத்தால் வாங்கமாட்டாள்.

அக்டோபர் மழையில் அவள் போன் செய்தாள்.

“ஐயா, ஹால்ல தண்ணி சொட்டுது லா. வாளி வச்சிருக்கேன்.”

“கொஞ்சம் பொறு பிள்ளை. கூரைக்காரனுக்குச் சொல்லியிருக்கிறன்.”

கூரைக்காரன் மறுநாளே வரத் தயாராக இருந்தான். ஆறாயிரம் வெள்ளி கேட்டான். அந்த வருடத்தின் நான்கு மாத வாடகை மூவாயிரத்து அறுநூறுதான். வாடகையை மிஞ்சுகிற செலவு அந்த வருடத்தோடு வீணாகிவிடும்; அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஜனவரியில் செய்தால் முழுவதையும் கழிக்கலாம். அவனை ஜனவரிக்கு வரச் சொன்னேன்.

நவம்பரில் இரண்டு வாளி ஆயிற்று; கூரைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்தேன். டிசம்பர் முதல் தேதி நான் போனபோது மூன்று. வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

“வாளி வாங்கியே என் சம்பளம் போவுது,” என்றான் கணவன்.

“சும்மா இருங்க. ஐயாவுக்கு ஆள் கிடைக்கல. அவரு என்ன ஏறியா செய்வாரு?” என்றாள் அவள்.

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரிக்குப் பதினோரு நாள் இருக்கையில், மாவுச் சட்டியோடு கூடத்தைக் கடந்தவள் ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. மருத்துவமனையில் தகடு வைத்தார்கள். எலும்பு கூடியது, பிடி திரும்பவில்லை. அச்சை அழுத்திப் பிழிய அவளால் முடியாமல் போயிற்று.

கூரைக்காரனை மறுநாளே ஏற்றினேன். அந்த ரசீதை எந்த வருடத்துக் கணக்கிலும் காட்டவில்லை. அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். தள்ளிப்போட்டு நான் மிச்சம் பிடிக்க நினைத்த வரி முந்நூறு வெள்ளிகூட இல்லை.

பிப்ரவரியில் அவர்கள் வீட்டைக் காலி செய்து, சுங்கை ஆயர் தாவாரில் இருந்த அவள் அக்காவிடம் போனார்கள். முன்பணத்தை முழுதாகத் திருப்பினேன். ஆஸ்பத்திரிச் செலவையும் கொடுத்தேன். அப்போதும் அவள், “ஐயா மாதிரி யாரு செய்வாங்க?” என்றாள். அந்த வார்த்தையோடு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை.

மின்சாரத்தில் பிழிகிற இயந்திரம் ஒன்றை வாங்கிக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். கணவன் இறக்கி வைத்தான். அவள் தேநீர் கலக்க எழுந்தாள். உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன்: ஓடு விலகியிருந்தது முன்பே தெரியும், ஆள் அக்டோபரிலேயே கிடைத்தான், வரிக்காகத்தான் தள்ளினேன்.

கணவன்தான் முதலில் பேசினான். “பாத்தியா? ஆள் கிடைக்கல, ஆள் கிடைக்கலன்னு எங்கிட்ட சண்டை போட்டியே. மழை வந்தாலும் ஐயா வீட்டுக் கூரை காலண்டர் பாத்துதான் மூடும்.”

அவள் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“எங்ககிட்ட சொல்லியிருந்தா நாங்களே ஒரு கன்வஸ் போட்டு மூடியிருப்போம்லா,” என்றாள். தேநீர் வரவில்லை.

இயந்திரத்தைத் திருப்பித் தரவில்லை. அது அவளுக்குத் தேவையாக இருந்தது. இப்போது அக்கா வீட்டுப் பக்கத்தில் கடை போட்டிருக்கிறாள். மாதம் ஒருமுறை ஒரு மணி நேரத்துக்கு மேல் காரோட்டிப் போய் மற்றவர்களோடு வரிசையில் நிற்கிறேன். அவள் இடது கையால் விசையை அழுத்துகிறாள். ஆறு இடியாப்பம் கட்டித் தருகிறாள். காசை வாங்கிக்கொள்கிறாள், மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி மேசைமேல் வைக்கிறாள்.

போன மாதம், கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“பின்னால ஆளுங்க நிக்கிறாங்க ஐயா. கொஞ்சம் தள்ளிக்குங்க,” என்றாள்.

தள்ளிக்கொண்டேன். காருக்குள் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினேன்.