நாற்பத்தெட்டு ஓட்டைகளும் ஒரு தொண்டையும்

மருத்துவர் சொன்னது சின்ன விஷயம்தான். என் மனைவியின் கழுத்தில் தைராய்டு கட்டி ஒன்று இருக்கிறது, பயப்படும்படியானது இல்லை, ஆனால் எடுத்துவிடுவது நல்லது. குரலுக்குப் போகும் நரம்பு அந்த இடத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சிலருக்குக் குரல் கொஞ்சம் மாறலாம்.

"நீங்க பாடுவீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார், டீச்சர்" என்றாள் அவள்.

பொய். பாடுவாள். அடுப்படியில் குக்கர் விசில் அடித்தால் பாட்டை நிறுத்தி, விசில் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பிசகாமல் எடுப்பாள். நான் படப்பை வீட்டு மாடியில் ஒரு அறையை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியதே அந்தக் குரலுக்காகத்தான் என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். சில வருடங்களாகியும் அந்தக் கூடத்தில் பதிவானவை: நான் "ஹலோ, ஹலோ" என்றது, ஒரகடம் போகும் டிரெய்லர் லாரிகளின் ஹாரன், பக்கத்து மனையில் போர் போட்ட சத்தம். அவள் குரல் ஒரு வரி கூட இல்லை. அவள் பாடத் தயாராகி மாடி ஏறி வரும்போதெல்லாம் நான் கருவிகள் அடுக்கிய இரும்பு அலமாரிக்குப் பின்னால், வாயில் டார்ச்சும் கையில் ஒயருமாக, பின்புறம் மட்டும் தெரியும்படி இருப்பேன். "ரெண்டே நிமிஷம்" என்பேன். அவள் அந்தப் பின்புறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பால் வைத்திருக்கிறேன் என்று இறங்கிவிடுவாள்.

தாம்பரத்து மருத்துவமனையிலிருந்து பைக்கில் திரும்பும்போது, முடிச்சூர் தாண்டியதும், என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "அதுக்கு முன்னாடி ஒரு பாட்டு எடுத்து வச்சிடலாங்க."

சாதாரண மனிதனாக இருந்தால் அன்று மாலையே ஒரு மைக்கை நிறுத்தி, ஒரு பொத்தானை அமுக்கி, வேலையை முடித்திருப்பான். நான் பேட்ச் பே வாங்குவது என்று முடிவு செய்தேன்.

என் நியாயத்தையும் கேட்க வேண்டும். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் எனக்குத் தரக் கட்டுப்பாட்டில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன், வீட்டுக்கு வந்ததும் எதையாவது எப்படி நம்புவான்? திரும்பக் கிடைக்குமா என்று தெரியாத ஒரு குரலைப் பதிவு செய்யப் போகிறேன், நடுவில் ஒரு ஒயர் உருவிக்கொண்டால்? அலமாரிக்குப் பின்னால் நான் தவழும் காட்சி அவளுக்கு அலுத்துவிட்டது. பேட்ச் பே என்பது அந்தத் தவழலை ஒழிக்கும் சாதனம். எல்லாக் கருவிகளின் வால்களையும் பின்னாலிருந்து இழுத்து வந்து, முன்பக்கம் ஒரே இரும்புப் பட்டையில் ஓட்டைகளாக வரிசை கட்டிவிடும். மேல் வரிசையில் சத்தம் வெளியே வரும் ஓட்டைகள், கீழ் வரிசையில் சத்தம் உள்ளே போகும் ஓட்டைகள். எதை எதனோடு சேர்க்க வேண்டுமோ, ஒரு முழ ஒயரை எடுத்து இரண்டு முனையையும் குத்தினால் போதும். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி.

தேர்ந்தெடுப்பதுதான் பாடு. ஒயர் முனையில் ஒல்லிப் பின் வகை, தடிப் பின் வகை என்று இரண்டு. ஒல்லியைப் பார்த்தால் கம்மல் மாதிரி இருந்தது, என் விரல்களுக்கு ஆகாது. தடிப் பின் என்று தீர்மானித்த பிறகு அடுத்த கேள்வி: மேல் ஓட்டையும் அதற்கு நேர் கீழ் ஓட்டையும் உள்ளுக்குள் தாமாகவே சேர்ந்திருக்க வேண்டுமா, பிரிந்திருக்க வேண்டுமா? சேர்ந்திருப்பது கம்பெனி பஸ் மாதிரி. யாரும் கை காட்ட வேண்டாம், அதுபாட்டுக்கு ஊரிலிருந்து கிளம்பி கேட்டில் வந்து நிற்கும். நாம் ஒயரைக் குத்தினால் மட்டும் தடம் மாறும். பிரிந்திருப்பது ஷேர் ஆட்டோ. கூப்பிட்டால்தான் வரும். இதை இந்த இரண்டு வரியில் விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. ஆபீஸில் ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட்டைப் பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, இணையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் இது பற்றிப் போட்டுக்கொண்ட சண்டைகளைப் படித்தேன். அத்வைதமா துவைதமா என்று நம்மவர்கள் கூட இவ்வளவு சூடாக அடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கடைசியில், ஒவ்வொரு ஜோடிக்கும் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்சு இருக்கும், அத்வைதிக்கும் துவைதிக்கும் ஒரே பட்டையில் இடம் உண்டு, என்ற வகையைப் பிடித்தேன். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்து டிஷ்யூ காகிதத்தில் ஓட்டைகளாக வரைந்துகொண்டிருந்தேன்.

சென்னை ரிச்சி தெருவில் மின்சாதனக் கடைக்காரர் கேட்டார்: "சர்ச்சுக்கா சார், மண்டபத்துக்கா?"

"வீட்டுக்கு."

"வூட்டுக்கு இன்னாத்துக்கு சார்?" என்றவர், பரணிலிருந்து தூசி தட்டி ஒரு பெட்டியை இறக்கினார். "எட்துனு போ சார். வந்ததுலேர்ந்து இத்த கேட்ட மொதோ ஆளு நீதான்."

வீட்டில் பிரித்ததும் என் மனைவி எண்ணிப் பார்த்தாள். "நாப்பத்தெட்டு ஓட்டை. நான் பாடப்போறது ஒரு வாயில."

ஒன்பது ஓட்டை உள்ள உடம்பையே ஒழுங்காகக் கட்டி மேய்க்கத் தெரியாதவன் நான் என்பது அப்போதே எனக்கு உறைத்தது.

இந்த இடத்தில் பக்கத்து மனைக்காரர் உள்ளே வருகிறார். வடக்குப்பட்டுக்காரர், பரம்பரையாக விவசாயக் குடும்பம், இப்போது காருக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலை ஒன்றில் லைன் சூப்பர்வைசர். காரில் விளக்கு, ஹாரன், கண்ணாடி எல்லாவற்றுக்கும் ஓடும் ஒயர்களை ஒரே சடையாகப் பின்னித் தருவதுதான் அவர்கள் வேலை. என் அறையை எட்டிப் பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா சார் இது? பாம்புப் புத்தாட்டம் கீது! ஒரு படிச்ச மன்சன் வூடா இது?"

மறுநாளே ஒயரை இறுக்கும் பிளாஸ்டிக் டை ஒரு கட்டும் வெட்டுக்கத்தியுமாக வந்தார். எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்பதை நான் சொன்னேன், எப்படிப் போக வேண்டும் என்பதை அவர் விடவில்லை. "எங்க லைன்ல ஒரே ரூலு சார். தள்ளு, கிளிக் கேளு, இழுத்துப் பாரு. மூணும் ஆச்சின்னாதான் கனெக்சன். இல்லன்னா அது சும்மா ஒட்டிக்கினு கீது, அவ்ளோதான்."

அலமாரியின் பின்புறம் சடை பின்னிய பெண் தலை மாதிரி ஆகிவிட்டது. ஒரு விரல் நுழையாது.

"ரோடு எப்டி இருந்தாலும் இது ஆடாது சார்."

"இது கார் இல்லப்பா. சுவரோரமா நிக்கிற அலமாரி."

"இன்னிக்கி அலமாரி சார்" என்றார். வாதம் அதோடு முடிந்தது.

மைக்கிலிருந்து கணினி வரைக்கும் உள்ள வழியைக் கம்பெனி பஸ் முறையில் விட்டிருந்தேன், ஒயர் எதுவும் குத்தாமலே ஓடும். குரலுக்குக் கோயில் மண்டப எதிரொலி கொடுக்கும் பெட்டிகள் இரண்டு இருந்தன. அவற்றை மட்டும் ஷேர் ஆட்டோ முறையில் பிரித்து வைத்தேன். காரணம், அந்தப் பெட்டிகளின் வெளிவாய் மேலேயும் உள்வாய் நேர் கீழேயும் இருந்தன. அவை ஒன்று சேர்ந்தால் பெட்டி தன் சத்தத்தைத் தானே தின்று தானே கக்கி, மறுபடி அதையே தின்னும். வெளிநாட்டுக்காரர்கள் அத்தனை பேரும் ஒத்துப்போன எச்சரிக்கை அது ஒன்றுதான்.

அறுவை சிகிச்சை புதன்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு காலை என்று வைத்துக்கொண்டோம். பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும், அந்த வருடங்களில் மின்வெட்டு மட்டும்தான் நேரம் தவறாமல் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து மனைக்காரர் 'ஃபைனல் இன்ஸ்பெக்சன்' என்று வந்தார். நான் கீழே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கூப்பிட்டதும் போய்ப் பார்த்தேன். பட்டை நிறைய ஒயர். நான் வாங்கி வைத்திருந்த சின்ன ஒயர்களையெல்லாம் எடுத்து, மேல் ஓட்டையிலிருந்து நேர் கீழ் ஓட்டைக்கு, வரிசையாகத் தோரணம் கட்டியிருந்தார்.

"அத்தினி ஓட்டையும் தொறந்து கெடந்துச்சி சார். எங்க லைன்ல ஒரு ஓட்டை காலியா இருந்தா வண்டியே ரிஜெக்ட்டு. தெரியுமா?"

தெரியும். எனக்குத் தெரியாததா? காலி ஓட்டையைக் கண்டால் ஆடிட்டர் முகம் எப்படிப் போகும் என்று பார்த்துப் பார்த்தே நரைத்தவன் நான். எந்த ஓட்டையைப் படித்துப் படித்துப் பிரித்து வைத்தேன் என்பது அந்த நிமிடம் நினைவுக்கு வரவில்லை. கண்ணுக்கு நிறைவாக இருந்தது. படங்களில் பார்க்கிற ஸ்டுடியோ மாதிரி. "நல்லாருக்கு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை. அவள் உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஒரு நல்ல சேலை கட்டிக்கொண்டு மாடி ஏறினாள். ஒலிப்பதிவில் சேலை தெரியாது என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். ஹெட்போனை மாட்டினாள். நான் பொத்தான்களைப் போட்டேன். அவள் ஸ்ருதி பார்த்து 'ம்' என்று மெல்ல முனகியதுதான் தாமதம், அந்த 'ம்' திரும்பி வந்தது, இன்னொரு தடவை பெரிதாக வந்தது, பிறகு அது 'ம்' ஆக இல்லை. எங்கள் தொழிற்சாலை பிரஸ் ஷாப்பில் சைரன் மாட்டிக்கொண்டதுபோல் ஒரு ஊளை, ஹெட்போனிலும் ஸ்பீக்கரிலும். அவள் ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டே நிமிஷம்" என்றேன்.

தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை ஒன்று உண்டு. பழுதைத் தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, தீரவில்லையென்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போ. ஒரு ஒயரை உருவினேன், ஊளை நிற்கவில்லை, திரும்பக் குத்தினேன். அடுத்தது. அதுவும் நிற்கவில்லை, திரும்பக் குத்தினேன். சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து மனைக்காரர், நான் குத்திய ஒவ்வொன்றையும் பின்னாலேயே இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அல்லாம் டைட்டா கீது சார். என் சைடுல பிராப்ளம் இல்ல. மைக்கு இன்னா மைக்கு, சைனாவா?"

"ஏங்க, மணி ஒன்பதரை" என்றாள் அவள்.

ஊளையிட்டது ஒரு பெட்டி அல்ல, இரண்டும். ஒன்றின் ஒயரை உருவும்போது மற்றது ஊளையிட்டது. அதை உருவப் போகுமுன் முதலாவதை மறுபடி குத்திவிட்டேன். இப்படியே போனால் புதன்கிழமை வரை இரண்டும் மாறி மாறி என்னை ஏமாற்றியிருக்கும். மைக்கை மாற்றினேன். கணினியை அணைத்துப் போட்டேன். அலமாரியைத் திருப்பிப் பின்னால் தலையை விட்டேன், சடைக்குள் விரல் நுழையவில்லை. அவளைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தபோது அவள் கழுத்தில் கை வைத்து, தொடுவது தெரியாமல் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் கழட்டுங்க" என்றாள்.

"ஒண்ணொண்ணாத்தான்..."

"நான் வகுப்புல சொல்ற மாதிரி சொல்லணுமா? எல்லாத்தையும்."

பக்கத்து மனைக்காரர் கையைக் குறுக்கே நீட்டினார். "அண்ணி, கழட்டுனா கனெக்சனே இருக்காது. பாட்டு எப்டி போவும்?"

"போகலன்னா பரவால்ல. சத்தமாவது நிக்கட்டும்."

இரண்டு கையாலும் உருவினேன். ஊளை நின்றது. பட்டை முழுக்கக் காலி ஓட்டைகள். நாங்கள் இரண்டு ஆண்களும் அதைச் செத்த வண்டியைப் பார்ப்பதுபோல் பார்த்தோம். எனக்குப் படித்ததெல்லாம் அப்போதுதான் மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் ஹெட்போனை எடுக்கவில்லை. அலுப்போ கோபமோ, நின்ற இடத்திலேயே பாட ஆரம்பித்துவிட்டாள், ஒரு பழைய சினிமாப் பாட்டு. கணினித் திரையில் பச்சைக் கோடு எழுந்து எழுந்து விழுந்தது. சத்தம் போய்க்கொண்டிருந்தது. எதுவும் குத்தாமலே.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பதிவுப் பொத்தானை நான் அமுக்கும்போது அவள் இரண்டாவது வரியில் இருந்தாள்.

அதன்பிறகு நான் எதையும் தொடவில்லை. தொடை மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது, அவள் நிறுத்தாமல் அதைத் தாண்டிப் போனாள். பக்கத்து மனைக்காரர் மட்டும் பட்டையையும் அவள் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் காதருகே, "எதுல ஓடுது சார் இது?" என்றார். பாட்டு முடிந்து அவள் கீழே இறங்கி, மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது.

புதன்கிழமை எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நரம்புக்கு ஒன்றும் இல்லை, வீக்கம் வற்ற நாளாகும் என்றார்கள். வெகு நாட்கள் அவள் பேச்சு காற்றாக வந்தது. பள்ளிக்கு விடுப்பு. என்னைக் கூப்பிட வேண்டுமானால் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவாள், தட்டும் வேகத்திலேயே விஷயம் என்ன என்று தெரியும். நான் எழுந்து போவதும் வருவதுமாக இருந்தேன். குக்கர் விசிலுக்குப் பிறகு எதுவும் கேட்காத வீட்டில் உட்கார முடியவில்லை. ஒரு நாள் கேட்டது. மெல்ல, கீழ் ஸ்தாயியில். மேல் பஞ்சமம் வரை போய்ப் பார்த்துவிட்டு, எட்டவில்லை என்றதும் சிரித்துக்கொண்டு இறங்கி வந்தது.

அந்த வாரமே மாடிக்கு வந்தாள். "போடுங்க, கேப்போம்."

அதுவரை நான் போட்டுக் கேட்கவில்லை. போட்டேன். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மொத வரிய காணோமே."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது கீழ் ஸ்தாயிலதானே வருது. அது மட்டும் இப்ப பாடுறேன், ஒட்டிக்குங்க."

பாடினாள். ஒரு தடவைதான். அதைத் தலையில் ஒட்டி, முதலிலிருந்து போட்டேன். முதல் வரியில் கொஞ்சம் கரகரப்பு, பிறகு குரல் சட்டென்று தெளிந்து மேலே ஏறுகிறது. தெரியாதவர்கள் கேட்டால் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பாடுகிறாள் என்று நினைப்பார்கள்.

அவள் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்தாள்.

"ஆரம்பிக்கிறவ கொஞ்சம் வயசானவ மாதிரி இருக்கா. ஆனா பதறாம பாடுறா, இல்ல?"

ஆமாம் என்றேன். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.