கேட்டியில் ஒரு கொரிய சஹன்

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, அமெரிக்காவில் மகன் குடியிருக்கும் கேட்டி ஊரிலிருந்து கிளம்பினோம். வண்டி ஓட்டியது மகன் ஹனீபா. மருமகள் சபீனா என்னை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள். ஃப்ரீவேயில் பதினெட்டு மைல் போனால் அந்தக் கொரிய ஹோட்டல். ஹலால் இறைச்சிதானா என்று ஹனீபா முன்னாலேயே போன் பண்ணிக் கேட்டு வைத்திருந்தான்.

எங்கள் காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய்விடுவார். அதனால் சபீனாவோடு ஒரே வீட்டில் நான் இருந்ததில்லை. டெக்சாஸ் வந்தபிறகும் அவளுக்கு நான் விருந்தாளிதான். எனக்கு வைத்துவிட்டு, பிறகு அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவாள். ஊர் திரும்புவதற்குள் ஒரு வேளையாவது அவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை. வாய் விட்டுக் கேட்கத்தான் கூச்சம்.

ஹோட்டலில் மேஜைக்கு நடுவிலேயே அடுப்பு. புகையை இழுத்துக்கொள்ள மேலே ஒரு குழாய் தொங்கியது. ஆளுக்கு முப்பத்திரண்டு டாலர், போதும் என்கிறவரை கொண்டுவருவார்கள். பரிமாற வந்த கொரியப் பெண் நெருப்பில் கிடந்த மாட்டிறைச்சியைத் துணி வெட்டுகிற மாதிரி கத்தரிக்கோலால் வெட்டினாள். கீரை மாதிரி ஓர் இலையில் சோறும் இறைச்சியும் வைத்து மடித்து, ஒரே வாயில் போட வேண்டுமாம்.

அவள் நகர்ந்ததும் சபீனா இடுக்கியை எடுத்து, வெந்ததையெல்லாம் என் தட்டில் வைத்தாள். நான் அதை அவள் தட்டுக்கு மாற்றினேன். அவள் திரும்ப என் தட்டுக்கே தள்ளினாள். இறைச்சி ஆறிப்போனது.

"ரெண்டு பேரும் மரியாதை பண்ணிக்கிட்டே இருங்க. நான் மூணாவது தட்டுக்குப் போயிட்டேன்" என்றான் ஹனீபா.

மகன் முன்னால் அவ்வளவு பெரிதாக வாயைத் திறக்க வெட்கப்பட்டு, மடித்த இலையைப் பாதி கடித்தேன். மீதி துப்பட்டாவில் கொட்டியது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்தபோது சபீனா தட்டில் அவள் சாப்பிடாதது அப்படியே ஆறிக் கிடந்தது.

அடுத்த ஞாயிறு மதியம் வீட்டிலேயே செய்தோம். முந்தின இரவே சோயா சாஸ், பூண்டு, எள்ளெண்ணெய், துருவிய பேரிக்காய் எல்லாம் போட்டு இறைச்சியை ஊற வைத்திருந்தாள். கரண்ட் அடுப்பை மேஜையில் வைத்து, வழக்கம்போல் இடுக்கியோடு நின்றாள்.

அவள் கேக் சுடும் பெரிய தட்டை எடுத்து வந்தேன். நடுவில் சோறு, ஓரத்தில் இலையும் கிம்ச்சி என்கிற முட்டைக்கோஸ் ஊறுகாயும், மேலே வெந்த இறைச்சி. எங்கள் கல்யாண வீடுகளில் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற சஹன் மாதிரியே இருந்தது. கூட இருப்பவர் உட்காராமல் அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

"சஹன் வச்சாச்சு. நீ உக்காராம எப்படி நான் கை வைக்கிறது?" என்றேன்.

சபீனா என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இடுக்கியை ஹனீபா கையில் கொடுத்தாள்.

"இன்னைக்கு நீங்க சுடுங்க. நானும் மாமியும் சாப்பிடணும்."

எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். முதல் இலையை மடித்து, அவளே என் வாயில் வைத்தாள். இரண்டு கன்னமும் உப்பிவிட்டன. பேச முடியவில்லை. நானும் ஒன்று மடித்து அவள் வாயில் வைத்தேன்.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் சபீனாவின் உம்மா பார்க்க வந்தார்.

"எம் மவ உங்களுக்குச் சாப்பாடு நல்லா எடுத்து வச்சுக் கொடுத்தாளா?"

"கடைசியில எடுத்து வைக்கவே இல்ல" என்றேன். சம்மந்தி முகம் வாடிப்போனது.

"கூட உக்காந்து சாப்பிட்டா" என்றேன்.